சாயம் கற்றுத் தந்த பாடம்
பால் எர்லிக்கின் வாழ்க்கை

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்து மர அலமாரியின் இரண்டாம் தட்டில் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கிறது. எர்லிக்கின் ஹீமடாக்சிலின் என்று அதன்மேல் ஒட்டிய தாளில் எழுதியிருக்கும். இளங்கலை முதலாண்டில் அந்தப் புட்டியைக் கையில் எடுத்தபோது, எர்லிக் என்பது மருந்துக் கம்பெனி ஒன்றின் பெயர் என்றே எண்ணினேன். அது ஒரு மனிதரின் பெயர் என்பதையும், அவரிடம் நான் கற்க வேண்டிய பாடம் ஒன்று காத்திருந்தது என்பதையும் முதுகலை இரண்டாம் ஆண்டில் நேர்ந்த ஒரு தோல்விதான் எனக்கு உணர்த்தியது.

ஆய்வேட்டுக்காக நான் எடுத்துக்கொண்ட பொருள் பி-53 என்னும் புரதம். மனித உயிரணுவின் உட்கருவில் இருந்துகொண்டு பிற மரபணுக்களை இயக்கும் புரதங்களுள் இதுவும் ஒன்று. உயிரணுவின் டி.என்.ஏ. பழுதுபட்டால், அதன் பிரிதலை நிறுத்தி வைக்கவும், பழுதைச் சீர்செய்யவும், சீர்செய்ய இயலாதபோது அவ்வுயிரணுவே மடிந்துபோகவும் தேவையான மரபணுக்களை இது தூண்டுகிறது. நலமான உயிரணுவில் இப்புரதம் மிகக் குறைவாகவே இருக்கும். உண்டானவுடன் சிதைந்தும் போகும். புற்றுநோய் பலவற்றில் மாற்றமடைந்த பி-53 சிதையாமல் உட்கருவில் குவிகிறது. அந்தக் குவியலைத் திசுவில் காட்டித் தருவதற்கென்றே ஆய்வகங்களில் ஓர் எதிர்ப்பொருள் பயன்படுகிறது. எதிர்ப்பொருள் என்பது அயற்பொருளைப் பற்றிக்கொள்ள விலங்கின் உடல் உண்டாக்கும் புரதம். பி-53-ஐப் பற்றும் எதிர்ப்பொருளைத் திசுச் சீவலின்மேல் இட்டு, அதைப் பற்றும் இரண்டாவது எதிர்ப்பொருளோடு ஒரு நொதியை இணைத்து, நொதியைக் கொண்டு பழுப்பு நிறத்தை வரவழைப்பார்கள். பழுப்பு தெரியும் இடத்தில் பி-53 இருக்கிறது என்று பொருள்.

வெளியூர் ஆய்வகம் ஒன்றில் மூன்று வாரம் தங்கி இந்தச் சோதனையைச் செய்தேன். முதல் தொகுதிச் சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது எங்கும் பழுப்பு! பெருமகிழ்ச்சி கொண்டேன். அடுத்து ஒப்பீட்டுச் சில்லை வைத்தேன். பி-53-க்கான எதிர்ப்பொருளை இடாமல், மற்ற எல்லாவற்றையும் அப்படியே செய்த சில்லு அது. அதில் நிறமே வரக்கூடாது. ஆனால் அதிலும் அதே பழுப்பு. என் மகிழ்ச்சி ஒரு நொடியில் அடங்கிற்று.

வெட்கத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆய்வேடு கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு சில்லை மட்டும் பெட்டியின் அடியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று என் மனம் கேட்டது. அந்தக் கேள்வியோடுதான் அன்று மாலை நூலகத்துக்குப் போனேன். எதிர்ப்பொருள் என்னும் சொல்லை முதலில் ஆண்டவர் யார் என்று தேடியபோது, புட்டியில் கண்ட அதே பெயர் எதிரே வந்தது. அவருடைய வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

பிறப்பும் இளமையும்

பால் எர்லிக் 1854-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் சைலீசியா மாநிலத்தில் ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. யூதக் குடும்பம். தாயின் உறவில் கார்ல் வைகெர்ட் என்ற அண்ணன் ஒருவர் இருந்தார். எர்லிக்கைவிட ஒன்பது வயது மூத்தவர். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் சாயங்களைக் கொண்டு பாக்டீரியாவுக்கு நிறமேற்றிக் காட்டிய முன்னோடிகளுள் வைகெர்ட்டும் ஒருவர். நிறமேற்றும் ஆசையைத் தம்பிக்கு ஊட்டியவர் அவரே.

செயற்கைச் சாயங்களின் காலம் அது. 1856-இல் இங்கிலாந்தில் பெர்கின் என்னும் இளைஞர் தற்செயலாக ஊதாச் சாயம் ஒன்றைச் செய்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கான சாயங்களைச் செய்து குவித்தன. துணிக்கென்று பிறந்த அச்சாயங்களை எர்லிக் திசுக்களின்மேல் ஊற்றிப் பார்த்தார். பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃபிரைபர்க், லைப்சிக் எனப் பல பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றபோதும் அவர் மனம் பாடத்தைவிடச் சாயத்திலேயே ஊன்றியிருந்தது. 1876-இல் ராபர்ட் கோக் பிரெஸ்லாவுக்கு வந்தபோது, சாயமேற்றுவதில் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் ஒருநாளும் தேறமாட்டான் என்று இந்த மாணவரை அவருக்கு அறிமுகம் செய்துவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும் அவர் தேறினார். 1878-இல் லைப்சிக்கில் திசுக்களுக்கு நிறமேற்றும் கலையைப் பற்றியே ஆய்வேடு எழுதி மருத்துவர் பட்டம் பெற்றார்.

அந்த இளைஞரை ஆட்டிப்படைத்த கேள்வி எளியது. ஒரே சாயக் கிண்ணத்தில் தோய்ந்த திசுவில், ஓர் அணு மட்டும் நிறம் கொள்வானேன்? பக்கத்து அணு கொள்ளாதிருப்பானேன்? சாயத்துக்கும் அவ்வணுவின் உள்ளிருக்கும் ஏதோ ஒன்றுக்கும் வேதியியல் உறவு இருந்தாக வேண்டும் என்று அவர் முடிவு கட்டினார். அவருடைய பின்னாளைய பெருஞ்செயல்கள் எல்லாம் இந்த ஒரு விதையிலிருந்து முளைத்தவையே.

பெர்லினில் பத்தாண்டுகள்

பட்டம் பெற்றபின் பெர்லின் நகரத்து ஷாரிட்டே மருத்துவமனையில் ஃப்ரெரிக்ஸ் என்னும் பேராசிரியரிடம் பணியில் சேர்ந்தார். விருப்பம்போல் ஆய்வு செய்ய அவருக்கு உரிமை கிடைத்தது. ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பரப்பி, சூட்டில் உலர்த்தி, அமிலச் சாயமும் காரச் சாயமும் ஏற்றிப் பார்த்தார். அதுவரை ஒன்றுபோல் தோன்றிய வெள்ளணுக்கள் இனம் இனமாகப் பிரிந்து நின்றன. ஈசினோஃபில், பேசோஃபில், நியூட்ரோஃபில் என்று நாம் செய்முறை ஏட்டில் வண்ணப் பென்சிலால் வரைந்து மதிப்பெண் வாங்குகிறோமே, அந்தப் பாகுபாடு அவருடைய சாயக் கிண்ணத்தில் பிறந்ததுதான்.

1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டதாக ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தார். கேட்டவர்களுள் எர்லிக்கும் ஒருவர். உடனே அக்கிருமிக்கு இன்னும் தெளிவாக நிறமேற்றும் வழியைத் தேடினார். சில்லுகளை அணைந்த இரும்பு அடுப்பின்மேல் காய வைத்திருந்தாராம். மறுநாள் காலை அதை அறியாத பணிப்பெண் அடுப்பை மூட்டிவிட, அச்சூட்டில் சாயம் நன்றாகப் பற்றிக்கொண்டதாம். அமிலத்தில் கழுவினாலும் காசக் கிருமி ஏற்ற நிறத்தை விடாது என்பதையும் அவர் கண்டார். பின்னர் ஜீல், நீல்சன் என்னும் இருவர் திருத்திய அம்முறையே உலகெங்கும் நம் ஊர் அரசு மருத்துவமனைகளிலும் சளிப் பரிசோதனையாக நெடுங்காலம் நடந்துவந்தது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள்! 1888-இல் அதே காசக் கிருமி அவருடைய சளியிலேயே காணப்பட்டது. மனைவி ஹெட்விக்குடன் எகிப்து நாட்டின் உலர்ந்த காற்றை நாடிச் சென்றார். நலம் பெற்று 1889-இல் திரும்பியபோது அவருக்குப் பதவி ஏதுமில்லை. சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டார்.

ஆமணக்கும் குன்றிமணியும்

நமக்கு நன்கு பழகிய இரண்டு வித்துகள் இங்கே வருகின்றன. ஆமணக்கு வித்தில் ரிசின் என்னும் கொடிய நச்சுப் புரதம் உண்டு. பொற்கொல்லர் பொன் நிறுத்த குன்றிமணியில் அப்ரின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. இரண்டும் உடலில் விளைக்கும் கேடு ஏறக்குறைய ஒன்றே. 1891-இல் எர்லிக் சுண்டெலிகளின் தீனியில் ரிசினை மிக நுண்ணிய அளவில் கலந்து கொடுத்து, அளவை நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிவந்தார். நாளடைவில், சாதாரண எலியைக் கொல்லும் அளவைப்போல் பல மடங்கு கொடுத்தும் அவை சாகவில்லை.

வேறொருவராக இருந்தால் இந்த வெற்றியோடு நின்றிருக்கலாம். அவர் நிற்கவில்லை. ரிசினைத் தாங்கிய எலிகளுக்கு அப்ரினைக் கொடுத்தார். அவை மடிந்தன. அப்ரினைத் தாங்கப் பழகியவையோ ரிசினுக்குப் பலியாயின. எலியின் உடல் பொதுவாக வலுப்பெற்றுவிடவில்லை. இந்த நச்சுக்கென்று இந்தக் காப்பு, அந்த நச்சுக்கென்று அந்தக் காப்பு எனத் தனித்தனியே உண்டாகிறது என்பது அதனால் விளங்கிற்று. எதிர்ப்பொருள் என்று நாம் வழங்கும் ஜெர்மன் சொல்லை அவர் எழுத்தில் ஆண்டதும் அதே 1891-இல்தான். தாயின் பாலோடு இந்தக் காப்பு குட்டிக்கு வந்து சேருவதையும், ஒரு தாயின் குட்டியை மற்றொரு தாயிடம் பாலூட்ட விட்டு அடுத்துக் காட்டினார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த எலிகள் மடிந்திராவிட்டால் அவர் கண்டது என்னவென்றே யாருக்கும் தெரிந்திராது. பற்ற வேண்டியதைப் பற்றுகிறது என்பது பாதி உண்மை. பற்றக்கூடாததைப் பற்றவில்லை என்பதே மறுபாதி. என் பெட்டியின் அடியில் நான் மறைக்க நினைத்தது அந்த மறுபாதியைத்தான்.

அளவுகோல் தந்தவர்

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா குழந்தைகளை வாரிக்கொண்டு போயிற்று. 1890-இல் பேரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவரும், நோய்நச்சுக்குப் பழக்கிய விலங்கின் சீரம் நோயைத் தடுப்பதைக் காட்டினார்கள். ஆனால் அந்தச் சீரம் ஒருநாள்போல் மறுநாள் இருப்பதில்லை. ஒரு குதிரையின் சீரம் காக்கும். மற்றொன்றின் சீரம் கைவிடும். மருந்துக்கு அளவு இல்லையென்றால் மருத்துவர் எதை நம்பி ஊசி போடுவார்?

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் எர்லிக். நச்சு நாளடைவில் வலு இழப்பதால் அதை அளவுகோலாக வைக்க முடியாது என்று கண்டு, சீரத்தையே உலர்த்தி, காற்றில்லாத குழாயில் இருளிலும் குளிரிலும் பாதுகாத்து அளவுகோலாக்கினார். 1897-இல் வெளியான இந்த முறை உலகெங்கும் வழக்குக்கு வந்தது. முதல் நோபல் மருத்துவப் பரிசு 1901-இல் பேரிங்குக்குக் கிடைத்தது. இருவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்தது. பழைய நட்பு திரும்பவில்லை.

1896-இல் பெர்லினை அடுத்த ஸ்டெக்லிட்ஸில் சீரச் சோதனை நிலையம் ஒன்றை அரசு அவரிடம் ஒப்படைத்தது. 1899-இல் அது ஃபிராங்க்ஃபர்ட் நகருக்கு மாறிப் பெரிய நிறுவனமாயிற்று.

1897-ஆம் ஆண்டின் அதே கட்டுரையில் தம் பக்கச் சங்கிலிக் கொள்கையையும் அவர் விரித்துரைத்தார். உயிரணுவின்மேல் பலவகைப் பக்கச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன, பூட்டுக்குச் சாவிபோல் பொருந்தும் நச்சு அவற்றுள் ஒன்றைப் பற்றிக்கொள்கிறது, இழந்ததை ஈடுசெய்ய உயிரணு அதே சங்கிலியை மிகுதியாக உண்டாக்குகிறது, மிகுந்தவை கழன்று இரத்தத்தில் மிதக்கின்றன, அவையே எதிர்ப்பொருள்கள். இதுதான் அக்கொள்கையின் சாரம்.

கொள்கை முழுவதும் நிலைத்ததா? இல்லை. இயற்கையிலேயே இல்லாத செயற்கை வேதிப்பொருள்களுக்கும் உடல் எதிர்ப்பொருள் செய்கிறது என்று லாண்ட்ஸ்டைனர் காட்டியபோது, இத்தனைக்கும் முன்கூட்டியே சங்கிலிகள் எப்படி இருக்க முடியும் என்று அறிஞர் பலர் அதைக் கைவிட்டனர். பின்னர் 1955-இல் ஜெர்னேயும் 1957-இல் பர்னெட்டும் வேறு வடிவில் அதே கருத்தை மீட்டார்கள். எதிர்ப்பொருள் செய்யும் வெள்ளணு ஒவ்வொன்றும் ஒரே வகைப் பற்றியைத் தாங்கி நிற்கிறது. பொருத்தமானது வந்து பற்றும்போது அவ்வணு பெருகுகிறது என்பது இன்றைய தெளிவு. விவரத்தில் பிழைத்தாலும் திசையில் எர்லிக் பிழைக்கவில்லை. 1908-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கும், கிருமிகளை விழுங்கும் அணுக்களைக் கண்ட ரஷ்ய அறிஞர் மெச்னிகாவுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது.

அறுநூற்றாறு

சாயம் ஒரு கிருமியை மட்டும் தேடிப் பற்றுமானால், அந்தச் சாயத்தோடு நஞ்சையும் சேர்த்துவிட்டால் என்ன? நோயாளிக்குத் தீங்கின்றிக் கிருமி மட்டும் மடியாதா? இவ்வாறு எண்ணியவர் 1891-இலேயே மெத்திலீன் நீலத்தை மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். பின்னர் ஆர்செனிக் சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து சோதிக்கத் தொடங்கினார். மேகநோயின் கிருமி 1905-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்நோய் அந்நாளில் தீர்க்க முடியாத பெருங்கேடு.

1909-இல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹாட்டா என்னும் அறிஞர் ஃபிராங்க்ஃபர்ட் வந்தார். முயல்களுக்கு மேகநோயை உண்டாக்கி ஆராய்வதில் தேர்ந்தவர். பழைய சேர்மங்களை எல்லாம் முதலிலிருந்து மீண்டும் சோதிக்கும்படி எர்லிக் அவரைக் கேட்டுக்கொண்டார். பயனற்றது என்று முன்பு உதவியாளர் ஒருவர் ஒதுக்கிவிட்ட 606 எண்ணுள்ள சேர்மம், ஹாட்டாவின் கையில் முயல்களின் நோயைத் தீர்த்தது! 1910-இல் சால்வர்சான் என்ற பெயரில் அது வெளிவந்தது. அதற்குமுன் ஏறக்குறைய 65,000 அளவுகள் மருத்துவர்களுக்கு விலையின்றி அனுப்பப்பட்டுச் சோதிக்கப்பட்டன. ஒரு குறிப்பிட்ட கிருமிக்கென்றே தேடிச் செய்த முதல் வேதிமருந்து என்ற புகழ் அதற்கு உண்டு.

புகழோடு துன்பமும் வந்தது. மருந்தைக் கரைப்பதும் ஊசியேற்றுவதும் கடினமாயின. சிலருக்குத் தீங்கும் நேர்ந்தது. எர்லிக் குறைகளை மறைக்கவில்லை. வந்த கடிதங்களை எல்லாம் ஆராய்ந்து 1912-இல் 914 எண்ணுள்ள திருத்திய மருந்தைத் தந்தார். ஆயினும் வசை ஓயவில்லை. நீதிமன்றம் வரை சென்றது.

மனிதரும் முடிவும்

எந்நேரமும் சுருட்டுப் பிடிப்பார்; சுருட்டுப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே நடப்பார். உதவியாளர்கள் அன்றன்று செய்ய வேண்டியதை வண்ண வண்ணத் தாள் துண்டுகளில் எழுதி அனுப்புவார். அறையெங்கும் நூல்களும் இதழ்களும் நாற்காலிகள்மேல்கூடக் குவிந்திருக்கும். யூதர் என்பதால் அக்காலப் பல்கலைக்கழகங்களில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு எளிதில் கிட்டவில்லை. மதம் மாறினால் வழி திறக்கும் என்று அறிந்தும் அவர் மாறவில்லை.

குறையில்லாத மனிதரும் அல்லர். முதல் உலகப்போர் மூண்ட 1914-இல், ஜெர்மனியின் செயலை நியாயப்படுத்தி 93 பேர் வெளியிட்ட அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். சான்று கேட்டே பழகிய அறிஞர் அன்று சான்று கேளாமல் கையொப்பமிட்டது வருந்தத்தக்கதே.

1915 ஆகஸ்ட் 20 அன்று ஹோம்பர்க் நகரில் மறைந்தார். வயது 61. இருபது ஆண்டுகளுக்குப்பின் ஹிட்லரின் ஆட்சியில் அவர் பெயர் தாங்கிய ஃபிராங்க்ஃபர்ட் தெருவின் பெயர் நீக்கப்பட்டது. மனைவி ஹெட்விக் நாட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. போர் முடிந்தபின் தெருவுக்குப் பழைய பெயர் திரும்பியது. பிற்காலத்தில் ஜெர்மனியின் 200 மார்க் பணத்தாளிலும் அவர் உருவம் இடம்பெற்றது.

சாயமும் எதிர்ப்பொருளும் சேர்ந்தபோது

இளமையில் சாயம், நடுவயதில் எதிர்ப்பொருள் என்று எர்லிக் இரண்டையும் தனித்தனியே ஆராய்ந்தார். இரண்டையும் ஒன்றாகப் பிணைத்தவர் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். 1941-இல் அவர் எதிர்ப்பொருளோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்துத் திசுவில் தேடும் பொருளை மின்னச் செய்தார். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய மட்டும் பெறும் வழியைக் கண்டார்கள். பி-53 புரதம் 1979-இல் கண்டறியப்பட்டதும் எதிர்ப்பொருளின் துணையால்தான். முதலில் அதைப் புற்றுநோயைத் தூண்டுவது என்று கருதினார்கள். 1989-இல்தான் அது புற்றுநோயைத் தடுப்பது என்று தெளிந்தது. கூர்மையான எதிர்ப்பொருள் கையில் இருந்தும் பத்தாண்டுக் காலம் அறிஞர்களே திசை தவறினார்கள் என்றால், நம்மைப் போன்ற மாணவர் எத்தனை விழிப்பாக இருக்க வேண்டும்!

மறுநாள் அந்தச் சில்லைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து என் வழிகாட்டிப் பேராசிரியரின் மேசைமேல் முதலாவதாக வைத்தேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. செய்முறையை ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொன்னார். நான்காம் படியில் பிழை அகப்பட்டது. திசுவில் இயல்பாகவே உள்ள நொதியை அடக்க ஹைட்ரஜன் பெராக்சைடு இடவேண்டும். நான் இட்டது திறந்து பல மாதமாகி வலு இழந்துபோன புட்டி. திசுவின் சொந்த நொதியே எங்கும் பழுப்பை வரவழைத்திருக்கிறது. புதுப் புட்டியைக் கொண்டு மீண்டும் செய்தேன். ஒப்பீட்டுச் சில்லில் பழுப்பு மறைந்து, ஹீமடாக்சிலின் தந்த நீல உட்கருக்கள் மட்டும் அமைதியாகத் தெரிந்தன. மற்றச் சில்லுகளில் சிலவற்றில் மட்டுமே, அதுவும் சில உட்கருக்களில் மட்டுமே, பழுப்பு நின்றது. முதல்நாள் கண்டதைவிட மிகச் சிறிய முடிவு. ஆனால் அது உண்மையான முடிவு.

மாணவ நண்பர்களே! நம் கல்லூரியில் விலையுயர்ந்த கருவிகள் குறைவுதான். ஆனால் எர்லிக்கைப் பெரியவராக்கிய கருவி விலை கொடுத்து வாங்குவது அன்று. தம் கருத்து பொய்யாகிவிடக்கூடிய சோதனையைத் தாமே தேடிச் செய்யும் நேர்மைதான் அது. அடுத்த முறை அலமாரியின் இரண்டாம் தட்டிலிருந்து அந்தப் பழுப்புப் புட்டியை எடுக்கும்போது, தாளில் உள்ள பெயரை ஒரு கணம் படியுங்கள். பிறகு ஒப்பீட்டுச் சில்லை முதலில் தயார் செய்யுங்கள்.